உங்கள் சிரமம் எனக்குத் தெரியும்

பல்கலைக்கழகத்தின் முகப்பில் ‘அனைவருக்கும் கல்வி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். சாயந்திரமானால் அந்த எழுத்துக்கு மேலே இருக்கிற விளக்கை அணைத்துவிடுவார்கள். முன் கேட்டையும் சாத்திவிடுவார்கள். மாலை வகுப்புக்காரர்கள் சுற்றிக்கொண்டு போய், குப்பை வண்டி வந்துபோகிற பின் கேட் வழியாகத்தான் நுழைய வேண்டும். அவர்கள் வந்து சேரும்போது லிஃப்ட் நின்றிருக்கும். நூலகத்தில் கடைசி ஜன்னலைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் மாடியில் குடிதண்ணீர் மிஷினின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி மேலே வைத்திருப்பார்கள். கழிப்பறைக்குப் பூட்டு. சாக்பீஸ் வைத்த அலமாரிக்கும் பூட்டு. அனைவருக்கும் கல்வி உண்டுதான். சாக்பீஸ்தான் கிடையாது.

மூன்று வருஷமாக இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலவை அக்காவுக்கு வாயே கசந்துபோயிருந்தது.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு அவளுடைய வேலையிடம். எத்தனை தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விட்டுப் போகாத ப்ளீச் வாசனையோடுதான் வகுப்புக்கு வருவாள். வாட்ச்மேன், தையல்காரி, பஸ் டிரைவர், மருந்துக்கடையில் நிற்கிறவர் என்று வகுப்பில் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு வாசனை. யாரும் யாரையும் பார்த்து மூக்கைச் சுளித்ததில்லை. சலவை அக்கா என்று பெயர் வைத்தது தையல்காரி. அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

படிப்பு ஆசை பொங்கி வழிந்து அவள் அங்கே வரவில்லை. பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்த நாற்காலியின் வேலை முழுவதையும் அவள்தான் பார்க்கிறாள். நாற்காலி மட்டும் அவளுடையதில்லை. அதில் உட்கார ஏதாவது ஒரு பட்டம் வேண்டும் என்பது விதி. எந்தப் பட்டமானாலும் சரியாம். சரித்திரம் படித்தால் விரிப்பில் இருக்கிற ரத்தக்கறை போய்விடுமா என்று அவள் கேட்டுக்கூடப் பார்த்தாள். விதி என்றால் விதி என்றார் நிர்வாக அதிகாரி. ஆனால் மனுஷர் நல்லவர். “இந்த வருஷம் முடிச்சிடுங்கம்மா. அதுவரைக்கும் வெளியாளைப் போடாம நான் இழுத்துப் பிடிக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்லை” என்று சொல்லியிருந்தார். முடிக்காவிட்டால் எவனாவது ஒரு பொடியன் பட்டத்தோடு வந்து அந்த நாற்காலியில் உட்காருவான். அவனுக்குப் போர்வை எது, விரிப்பு எது என்று அவள்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும். இதுதான் கடைசி வருஷம். அதிலும் பாதி முடிந்துவிட்டது.

மாலை வகுப்புகளுக்குப் பொறுப்பாளர் ஒரு பேராசிரியர். உழைக்கும் மக்களின் கல்வி பற்றித் தலையணைத் தடிமனில் ஒரு புத்தகம் எழுதியவர். உழைக்கும் மக்கள் எதிரே வந்து உட்கார்ந்தால்தான் அவருக்கு என்னவோ செய்யும். நோட்ஸைப் பிரித்துவைத்து, குனிந்த தலை நிமிராமல் வாசிப்பார். புதுப் பெண்கூட மூன்று வருஷத்தில் ஒரு தடவையாவது தலையைத் தூக்கியிருப்பாள் என்று தையல்காரி சொல்வாள். பாதி நாள் அதுவும் கிடையாது, தற்காலிக வேலையில் இருக்கும் உதவியாளரை அனுப்பிவிடுவார். வருகிற நாளிலும் நேரம் முடிவதற்கு வெகு முன்னாடியே நோட்ஸை மூடிவிடுவார்.

“வேலை முடிஞ்சு களைச்சுப்போய் வர்றீங்க. உங்க சிரமம் எனக்குத் தெரியும். இன்னிக்கு இது போதும்.”

சிரமம் தெரிந்துதான் பாடத்தில் கால்வாசியை வெட்டினார். சிரமம் தெரிந்துதான் வெளியூர் ஆசிரியர்களின் சிறப்பு வகுப்புகளைப் பகல்காரர்களோடு நிறுத்திக்கொண்டார். யாராவது எழுந்து சந்தேகம் கேட்டால், “அவ்வளவு ஆழமா நீங்க போக வேண்டாம், சிரமப்படாதீங்க” என்பார். ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்காமல் இருப்பதற்கு இத்தனை மரியாதையான வழி உண்டென்று சலவை அக்கா அவரிடம்தான் தெரிந்துகொண்டாள். மூன்று வருஷத்தில் அந்த மனுஷரிடம் அவள் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

அதே பல்கலைக்கழகத்தில், அதே துறையில், அவளுடைய மகளும் படித்தாள். மகள் பகல் வகுப்பு, முன் கேட். அம்மா மாலை வகுப்பு, பின் கேட். மகள் சேர்ந்த முதல் வாரத்திலேயே, “அம்மா, எப்பவாச்சும் என் பிரெண்ட்ஸோட என்னைப் பார்த்தா கண்டுக்காம போயிடு, சரியா?” என்று செல்லமாகத்தான் சொன்னாள். இவளும் சிரித்துக்கொண்டே சரி என்றாள். அன்றைக்குப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவி வைத்தாள், அவ்வளவுதான். வீட்டில் இவள் வேலைக் கதையைப் புலம்ப ஆரம்பித்தால் மகள் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வாள். “சுவத்துக்கிட்ட சொன்னாலாவது எதிரொலி வரும்டீ” என்று இவள் திட்டுவாள். அதுவும் அவள் காதில் விழாது.

அன்றைக்குக் காலையிலிருந்தே எல்லாம் கோணல். கொடியில் துவைத்துப் போட்டிருந்த ஆஸ்பத்திரிச் சீருடை நீலக் கோட்டு ஒன்றைக் காணோம். முந்தின நாள் கசங்கின கோட்டையே மாட்டிக்கொண்டு ஓடினாள். மத்தியானம் உலர்த்தும் மிஷின் ஒன்று மக்கர் பண்ணியது. வேலை முடியவே நேரமாகிவிட்டது. கோட்டைக் கழற்றக்கூட நிற்காமல் பஸ்ஸைத் துரத்திப் பிடித்தாள். சலவைப் பிரிவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அது நாளெல்லாம் பெட்டியில் கிடந்தது. எடுத்தவள் அதைப் பார்க்காமலேயே பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பின் கேட்டில் நுழைந்தால் வழியெல்லாம் விளக்கு எரிந்தது. அட, யாருக்குக் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டாள். லிஃப்ட் ஓடியது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அதில் ஏறினாள். உள்ளே கண்ணாடி வேறு இருந்தது. அதில் தன் முகத்தைப் பார்த்து, பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். மூன்றாம் மாடியில் தண்ணீர் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது, கழிப்பறைக் கதவு திறந்திருந்தது. வகுப்பறையில் இத்தனை டியூப்லைட் இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

அறை நிறைய ஆட்கள். ஒருவரையும் அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் இளவட்டம். கட்டடத் தொழிலாளி போல மஞ்சள் ஹெல்மெட் வைத்துக்கொண்டு ஒருவன். அவன் விரல்கள் ஒவ்வொன்றும் அப்படிப் பளபளத்தன. சமையல்காரத் தொப்பியில் ஒருத்தன். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நர்ஸ் மாதிரி ஒருத்தி. கரும்பலகையில் ‘மாலை வகுப்பு, மூன்றாம் ஆண்டு’ என்று வண்ண சாக்பீஸில் அழகாக எழுதியிருந்தது.

உதவியாளர் அவளைப் பார்த்ததும் பேய் அறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். வாசலுக்கே ஓடிவந்து, “அக்கா, உங்களுக்கு மெசேஜ் வரலையா? இன்னிக்கு வகுப்பு இல்லைன்னு எல்லாருக்கும் போட்டோமே!” என்றார்.

“அப்போ இது என்ன?”

“இது… வகுப்புதான்.”

“யாரோட வகுப்பு?”

“உங்களோடதுதான்” என்று சொல்லிவிட்டு, அவருக்கே அது எப்படி இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும், தலையைச் சொறிந்தார். “ஆய்வுக் குழு வருதுக்கா. மாலை வகுப்புகளோட நிலைமை என்னன்னு நேர்ல பார்த்து எழுதப் போறாங்க, அவங்க எழுதறதுதான் முடிவாம். நீங்கள்லாம் வேலையிலேர்ந்து தாமதமா வருவீங்க, தூங்கி வழிவீங்க, ஏதாச்சும் எக்குத்தப்பா சொல்லிடுவீங்கன்னு சார் பயப்படறார். அதான் பகல் பசங்களைக் கொண்டுவந்து உட்கார வெச்சிருக்கோம். அட்டெண்டன்ஸ் தர்றோம்னா வந்துடுவாங்க. சாருக்கு உழைக்கும் மக்கள் கல்வி மையத்தோட இயக்குநர் பதவி வரப்போகுதுக்கா. கெடுத்துடாதீங்க.”

“அதுசரி, எங்களுக்குப் பதிலா எங்களாவே நடிக்க ஆள் வெச்சிருக்கீங்களா?”

“உங்க சிரமத்தைக் குறைக்கத்தான்” என்றார் உதவியாளர். குருவுக்கேற்ற சீடப்பிள்ளை.

அவள் இன்னும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். அதற்குள் படியில் செருப்புச் சத்தம். உதவியாளர் அவளைத் தோளைப் பிடித்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, “வாயைத் திறக்காதீங்க, கும்பிடறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

குழுவில் மூன்று பேர். ஒருவர் உட்கார்ந்ததுமே பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு சிந்திக்க ஆரம்பித்தார், கொஞ்ச நேரத்தில் சிந்தனை குறட்டையாக வந்தது. நடுவில் உட்கார்ந்தவர் தலைவி. பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். முகமெல்லாம் கருணை. அந்தக் கருணையைப் பார்த்ததுமே சலவை அக்காவுக்குத் திக்கென்றது. இந்த முகத்தோடு வந்தவர்கள் யாரும் இதுவரை அவளுக்கு ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனதில்லை.

பேராசிரியர் எழுந்து, இருளில் இருப்போருக்கு ஒளியேற்றுவது மாலை வகுப்பு என்று தொடங்கினார். ஒளியேற்றி முடிக்கவே வெகு நேரமானது. அன்றைக்குத் தலையைத் தூக்கித்தான் பேசினார். பிறகு தலைவி ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார்.

சமையல்காரத் தொப்பிக்காரன் எழுந்தான். “நான் பேக்கரியில மாவு பிசையறேன் மேடம்.”

“அப்படியா! காலையில எத்தனை மணிக்கு வேலை?”

“பத்து மணிக்கு மேடம்.”

பத்து மணிக்கு மாவு பிசைந்தால் ஊர் எப்போது ரொட்டி தின்பது, கட்டையில் போவானே என்று சலவை அக்கா வாய்க்குள் முணுமுணுத்தாள். தலைவியோ உருகிவிட்டார். ஹெல்மெட்காரன் வெயிலில் செங்கல் சுமப்பதாகச் சொன்னான். ஏசி அறையில் வளர்ந்த முகம் அதைச் சொல்லும்போது ஒரு தடவை கூச்சப்பட்டது, அந்த மட்டுக்கும் பரவாயில்லை. நர்ஸ் பெண்ணிடம் எந்த வார்டு என்று கேட்டதற்கு, “எல்லா வார்டும்” என்றாள். பிஸ்கட்காரர் தலையாட்டிப் பாராட்டினார்.

சலவை அக்காவால் தாங்க முடியவில்லை. போதும், எழுந்து சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். இந்த வேஷக்காரர்களெல்லாம் பகல் வகுப்பு, நிஜமான ஆள் இந்த அறையில் நான் ஒருத்திதான், எங்களுக்குத் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது, பாடத்தில் கால்வாசி கிடையாது என்று போட்டு உடைத்துவிடுவது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தும்விட்டாள்.

“அந்த நீலக் கோட்டுப் பொண்ணு சொல்லட்டும்” என்றார் தலைவி.

தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தாள். ஆனால் அவளுக்கு முன் வரிசையில், இவ்வளவு நேரமும் தலையைக் குனிந்து, முடியை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் உடம்பிலும் நீலக் கோட்டு. வலது பக்கப் பையில், நீல நூல் தீர்ந்துபோய்ப் பச்சை நூலால் போட்ட தையல். அந்தத் தையலைப் போட்ட கைக்கு அது தெரியாதா?

காலையில் காணாமல் போன கோட்டு. அதற்குள் மகள்.

சலவை அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆள் மாறாட்டம் என்று தெரிந்தால் பெண்ணைப் பல்கலைக்கழகத்தை விட்டே நீக்கிவிடுவார்கள். பேராசிரியர் ஆயிரம் காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்வார். மாட்டுவது பிள்ளைகள்தான். அடிப் பாவி, இந்த அட்டெண்டன்ஸுக்காகவா என்று வாய்க்குள்ளேயே திட்டினாள்.

“என்னம்மா வேலை உங்களுக்கு?”

மகள் தொண்டையைச் செருமினாள். அம்மா பின்னால் இருப்பது அவளுக்குத் தெரியாது. “ஆஸ்பத்திரியில… சலவைப் பிரிவு மேடம்.”

“கஷ்டமான வேலையோ?”

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பேசினாள். மற்றவர்களைப் போல உளறவில்லை.

“விடியறதுக்கு முன்னாடி போகணும் மேடம். போனதும் ராத்திரித் துணி மூட்டை மூட்டையா கிடக்கும். மூட்டையைப் பிரிக்கிறதுதான் மோசம். சில சமயம் துணிக்குள்ள ஊசி இருக்கும். ஒருத்தருக்கு அப்படிக் குத்திடுச்சு, ரிசல்ட் வர்ற வரைக்கும் அவங்க வீட்டுல யாரையும் தொடவே இல்லை, மகளைக்கூட. ஆபரேஷன் தியேட்டர் துணி தனி, குழந்தைங்க வார்டு துணி தனி. குழந்தைங்க துணி ரொம்பச் சின்னதா இருக்கும். சில நாள் அதுல ஒண்ணு வராம நின்னுடும். வரலைன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டாங்க. விரிப்பை மடிக்க ரெண்டு பேர் வேணும். நாள் முழுக்க ஈரத் துணியை எடுத்து எடுத்து மேல போட்டு, சாயந்திரம் ஆனா கையைத் தோளுக்கு மேல தூக்க முடியாது. வீட்டுக்குப் போனா தலை வாரக்கூட வராது. ஆனா வெளியில காட்டிக்க மாட்டாங்க. சும்மா, பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமா வெப்பாங்க.”

குறட்டை விட்டவர்கூட விழித்துக்கொண்டார்.

சலவை அக்காவுக்குக் கண்ணை நிறைத்துவிட்டது. சுவரிடம் சொன்னதாக நினைத்த ஒவ்வொன்றும் வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. ஊசிக் கதையைச் சொன்ன அன்று மகள் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாளே! கோபமும் பெருமையும் ஒன்றாக வந்து முட்ட, எதை விழுங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு பார்வை கடைசி வரிசைக்கு வந்தது. “நீங்களும் அதே கோட்டுப் போட்டிருக்கீங்களே. ஒரே இடமா? இந்தப் பொண்ணு சொன்னது சரிதானாம்மா?”

மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மேடையில் உதவியாளர் கைகூப்பாத குறை.

சலவை அக்கா எழுந்து நின்றாள். “சரிதான் மேடம். அவ சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.”

“உங்களுக்கு அவங்களை நல்லாத் தெரியுமோ?”

“தெரியும்னுதான் நினைச்சிட்டிருந்தேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தலைவி பேராசிரியர் பக்கம் திரும்பினார். குரல் நெகிழ்ந்திருந்தது. “இது கொடுமை இல்லையா சார்? இப்படி உழைச்சுட்டு வர்றவங்களைச் சாயந்திரம் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பாடம் நடத்தறது மனுஷத்தன்மையா? இவங்க சிரமத்தை நாம யோசிக்க வேண்டாமா?”

பேராசிரியருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. வகுப்பு இல்லாத சாயந்திரங்கள் வரிசையாகக் கண் முன்னால் வந்திருக்க வேண்டும், முகம் அப்படி மலர்ந்தது. “இவங்க சிரமம் எனக்குத் தெரியும் மேடம்” என்றார்.

“அப்போ இவங்களையே கேட்டுடுவோம். இந்த வகுப்புகளைப் பகல்லயே வெச்சுட்டா உங்களுக்கு வசதியா இருக்குமா? பகல்ல வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க.”

பகல் வகுப்புப் பிள்ளைகள். வழக்கமாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில் அடைத்து வைக்கப்பட்டவர்கள். அன்றைக்கு அந்த அறையில் அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அவர்கள் மனசறிந்து உண்மை சொன்னது இந்த ஒன்றுக்குத்தான். ஹெல்மெட், தொப்பி, ஸ்டெதாஸ்கோப் என்று அத்தனை கைகளும் ஜம்மென்று மேலே போயின.

இரண்டு கைகள்தான் எழவில்லை. இரண்டும் நீலக் கோட்டுக் கைகள்.

உதவியாளர் எண்ணிக்கொண்டே வந்து அங்கே தயங்கினார். “இவங்க ரெண்டு பேர் மட்டும்…”

“அய்யோ, பாவம், விடுங்க” என்றார் தலைவி. “அவங்களால கையைத் தூக்க முடியாதுன்னு இப்பத்தானே சொன்னாங்க? அவங்களையும் சேர்த்துக்குங்க.”

சலவை அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. யாரையும் மாட்டிவிடாமல், பெண்ணை இழுக்காமல், இது ஒன்றையாவது சொல்லிவிடலாம், பகலில் நாங்கள் வேலைக்குப் போகிறோம், அதனால்தானே சாயந்திரம் வருகிறோம், இதுகூடவா தெரியாது என்று கேட்டுவிடலாம் என்று எழுந்தாள். பேச அனுமதி கேட்டுக் கையைத் தூக்கினாள். நாள் முழுக்க ஈர விரிப்பு தூக்கிய தோள் சுரீரென்று வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகத் தூக்கினாள்.

தலைவி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “பாருங்க! அந்த வலியோட, அவங்களும் கையைத் தூக்கறாங்க பாருங்க!”

பிஸ்கட்காரர் முதலில் கைதட்டினார். பிறகு அறையே தட்டியது. “மேடம், அது இல்லை மேடம், நான் கேட்க வந்தது” என்று அவள் சொன்னது அவள் காதுக்கே கேட்கவில்லை. “ஏகமனதாக” என்று பேராசிரியர் ஒலிபெருக்கியில் சொன்னதுதான் கேட்டது. உடனே நன்றியுரையைத் தொடங்கிவிட்டார். தலைவி போகும்போது அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

குழுவை லிஃப்டில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பேராசிரியர் திரும்பி வந்தார். ஆனந்தத்தில் ஆளே இளமையாகத் தெரிந்தார். நேராக அவளிடம் வந்து நின்று, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“பிரமாதம். நாடகக் குழுவா நீங்க? வேஷம் அசல் மாதிரியே இருக்கு. அந்த ப்ளீச் வாசனைகூட!”

உதவியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆமா சார்” என்றாள் சலவை அக்கா. “இருபது வருஷமா இதே வேஷம்தான். கலைக்க விட மாட்டேங்கறீங்க.”

அவர் நல்ல நகைச்சுவை என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவள் லிஃப்டில் ஏறவில்லை, படியில் இறங்கினாள். பின்னாலேயே மகளும் இறங்கினாள். பின் கேட்டைத் தாண்டி இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மகளின் சிநேகிதிகள் கூட்டமாக எதிரே போனார்கள். மகள் அவர்களைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஏம்மா சொல்லலை? நாங்க எல்லாம் பகல் வகுப்புன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே.”

“முடிஞ்சிருக்கும். உன் படிப்பும் சேர்ந்து.”

மகள் அழ ஆரம்பித்தாள். “வேற எந்த வேலையும் எனக்குத் தெரியலைம்மா. இதுதான் தெரிஞ்சுது. உன்னை அவங்க மதிக்கணும்னுதான் அவ்வளவும் சொன்னேன்.”

“மதிச்சாங்கடீ. கண்ணைத் துடைச்சுக்கிட்டே மதிச்சாங்க. அந்த மதிப்புலதான் என் வகுப்பு போச்சு, நாற்காலியும் போச்சு” என்றாள். பெண்ணை ஓங்கி ஒரு அறை விடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிடப் போனாள். கை பாதி உயரத்தில் நின்றுவிட்டது. மகள்தான் குனிந்து நெற்றியைக் கொடுத்தாள்.

“காதுல அதை மாட்டிக்கிட்டு எப்படிடீ இத்தனையும் கேட்டே?”

“அதுல பாட்டு ஓடாதும்மா. பாதி நாள் சும்மாதான் மாட்டியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு அதையெல்லாம் கேக்க என்னால முடியாது.”

பஸ் வருகிற வழியாக இல்லை. மகள் கோட்டுப் பையில் கையை விட்டு ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள். வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்தார்களாம். மேலே ஒட்டியிருந்த சீட்டில் ‘மாலை வகுப்பு மாணவர்களுக்கு, அன்புடன்’ என்று அச்சடித்திருந்தது.

சலவை அக்கா அதை வாங்கிப் பிரித்தாள். மூன்று வருஷத்தில் அந்த வகுப்பில் அவளுக்கென்று கொடுத்த ஒரே பொருள், அதுவும் மகள் வேஷம் போட்டதால் கைக்கு வந்தது. ஒன்றைக் கடித்தாள்.

“நமுத்துப் போச்சுடீ” என்று சொல்லிவிட்டு, பசி தாங்காமல் அத்தனையையும் தின்றாள்.